நிதி திரட்டும் சந்தை நடத்தினோம்: கூப்பன், கல்லா, ஜெனரேட்டர்

நிதி திரட்ட ஊர் கூடிக் கடை போட்டு நடத்தும் சந்தையில் கூட்டம் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. நோட்டீஸும் வாட்ஸ்அப்பும் அதைப் பார்த்துக்கொள்ளும். வசூல் சிந்தாமல் கணக்கில் ஏறுவதுதான் பெரிய வேலை. அதனால் எங்கள் குழு முதல் கூட்டத்தில் கடைகளைப் பற்றிப் பேசவே இல்லை. பணத்தை யார் யார் தொடலாம் என்பதை மட்டும் முடிவு செய்தோம்.

கடைகளில் ரொக்கம் வாங்கக் கூடாது, எல்லாம் கவுன்டரில் விற்கும் கூப்பன்தான். ஒருவரிடம் பணம் வாங்கிச் சில்லறை கொடுத்து அனுப்ப அரை நிமிடம் பிடிக்கும். அப்படியென்றால் ஒரு கவுன்டர் மணிக்கு 120 பேரைத்தான் தாங்கும். முதல் ஒரு மணி நேரத்தில் 300 பேர் வருவார்கள் என்றால் மூன்று கவுன்டர் போட்டே ஆக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் வரிசையைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

கூப்பனில் வரிசை எண் கட்டாயம். காலையில் புத்தகத்தின் முதல் எண் 0401, முடிக்கும்போது மிச்சமிருக்கும் முதல் எண் 0673 என்றால் விற்றது 272. ஒன்று 10 வீதம் மொத்த வசூல் 2,720 இருக்க வேண்டும். தொடக்கத்தில் கல்லாவில் போட்ட சில்லறை இதில் சேராது. அதைத் தனியாக எழுதிவைக்காவிட்டால் மாலையில் அதுவும் லாபமாகத் தெரியும். இந்தத் தவறு ரொம்ப சுலபமாக நடக்கும். வெள்ளைத்தாளில் அடித்தால் யாரும் நகல் எடுத்துவிடலாம், எனவே கலர் தாள், அதன்மேல் ரப்பர் ஸ்டாம்ப். கடைக்காரர் கூப்பனை வாங்கியதும் மூலையைக் கிழித்து உண்டியலில் போட வேண்டும். கிழிக்காத கூப்பன் இன்னொரு முறை சுற்றுக்கு வந்துவிடும். மிஞ்சிய கூப்பனுக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைக் கவுன்டரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி அரை மணி நேரம் முழுக்க வாக்குவாதம்தான்.

மணிக்கு ஒருமுறை கல்லாவைக் காலி செய்ய வேண்டும். எண்ணுவது இரண்டு பேர், வேறு வேறு வீட்டுக்காரர்கள், இரண்டு கையெழுத்து. சந்தேகத்தால் அல்ல. நாளை ஒருவர் மேல் பேச்சு வந்தால் அவரைக் காப்பாற்றப்போவது அந்தக் கையெழுத்துதான்.

அடுத்தது கரண்ட். 10 கேவிஏ ஜெனரேட்டர் என்றால் 10 கிலோவாட் என்று நினைத்துவிடுகிறார்கள். கேவிஏ என்பது ஜெனரேட்டரின் மொத்தத் திறன். அதில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்குதான் பவர் ஃபேக்டர். அது 0.8 என்றால் கிடைப்பது 8 கிலோவாட்தான். அதிலும் 6க்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. தண்ணீர் கொதிக்கவைக்கும் 2 கிலோவாட் கெட்டில் மூன்று போட்டாலே அந்த 6 முடிந்தது. விளக்குக்கும் மைக் செட்டுக்கும் தனி லைன் வேண்டும். டிரம்மில் சுற்றிய ஒயரை முழுவதும் பிரித்துத்தான் போட வேண்டும். சுற்றியபடியே லோடு கொடுத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்சுற்றில் இன்சுலேஷன் இளகி ஒட்டிக்கொள்ளும். டிரம்மைத் தொட்டுப் பார்த்துச் சுடுகிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

குலுக்கல் சீட்டு நல்ல வருமானம்தான். ஆனால் பல இடங்களில் அதற்கு அனுமதி வேண்டும், சில இடங்களில் தடையே உண்டு. அச்சடிக்கும் முன் விசாரித்துவிடுங்கள். முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், குப்பைத்தொட்டி எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் பெயர் எழுதிய ஒரு தாள் போதும்.

மறுவாரமே வரவு செலவைப் பொது இடத்தில் ஒட்டினோம். விற்ற எண்கள், விற்காத எண்கள், கிழிந்து வீணான கூப்பன் வரை எல்லாம் அதில் இருந்தது. மிச்சக் கூப்பன் புத்தகங்களை அதற்குப் பிறகுதான் எரிக்க வேண்டும்.