பந்து ஒன்று, நட்சத்திரங்கள் மூன்று: கூடைப்பந்து அணியைக் கட்டுவது குறித்து

ஜூலை மாதம் பிறந்து, என்.பி.ஏ. என்ற வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய வீரர்களை ஒப்பந்தம் செய்யத் தொடங்கியதும், ரசிகர்களாகிய நாம் செய்கிற முதல் வேலை எந்த அணியில் எத்தனை நட்சத்திரங்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான். 2023ஆம் ஆண்டில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி டெவின் புக்கர், கெவின் டுரான்ட் ஆகிய இருவருடன் பிராட்லி பீலையும் கொண்டுவந்தபோது, அந்தக் கணக்கின்படி அதைவிட வலிமையான அணி எதுவும் இருந்திருக்க முடியாது. ஆனால் பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில், 2024இல் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் அவர்கள் வெளியேறினார்கள். அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களில் 36 வெற்றிகளோடு பிளேஆஃபுக்கே தகுதி பெறவில்லை. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே மிக அதிகமான சம்பளச் செலவு அவர்களுடையதுதான். பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து மாற்றப்பட்டார்கள். குறை பயிற்சியாளர்களிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஓர் அணியில் சேர்க்கவிருக்கும் வீரரைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அவர் எத்தனை புள்ளிகள் எடுக்கிறார் என்பதன்று, பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பதே. ஓர் அணியின் ஐந்து பேர் களத்தில் இருக்கையில் பந்து ஒருவரிடம்தான் இருக்க முடியும். ஆட்டத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் பந்து எதிரணியிடம் இருப்பதால், எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் அவர் களத்தில் செலவிடும் நிமிடங்களில் பெரும்பகுதி பந்தில்லாமலேயே கழிகிறது. பீல், புக்கர், டுரான்ட் மூவரும் பந்தைக் கையில் வைத்துத் தமக்கான வாய்ப்பைத் தாமே உருவாக்கிக்கொள்வதில் தேர்ந்தவர்கள்; ஒருவர் அதைச் செய்யும்போது மற்ற இருவரின் திறமைக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. ஒரே திறமையை மூன்று முறை விலைகொடுத்து வாங்கினால், மூன்றில் ஒரு பங்குதான் ஒரு நேரத்தில் பயன்படும்.

பந்தில்லாமல் செய்யும் வேலை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூலையில் நின்று மூன்று புள்ளி எறிதலை நம்பகமாகச் செய்யக்கூடிய ஒருவரை, அவரை மறிக்கும் எதிரணிக் காவல்காரர் விட்டு விலக முடியாது. விலக முடியாததால் கூடைக்கடியில் இடம் திறந்துகிடக்கிறது, அந்த இடத்துக்குள் நட்சத்திரம் பாய்ந்து செல்கிறார். மூலையில் நிற்பவர் பந்தைத் தொடாமலேயே இரண்டு புள்ளிகளுக்கு வழி செய்துவிட்டார் என்றாலும், புள்ளிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேராக எதுவும் ஏறாது. சரியான கோணத்தில் திரை போடுவது (தன் அணிக்காரரைத் தொடரும் காவல்காரரின் வழியில் அசையாமல் நின்று மறைப்பது), காவல்காரர் பந்தைப் பார்க்கும் நொடியில் அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டிச் செல்வது, தற்காப்பில் தன் ஆளை மட்டுமல்லாமல் அடுத்தவர் தவறவிட்ட ஆளையும் மறிப்பது ஆகியவையும் இந்த வகைதான்.

நீண்ட வழக்கமான பருவத்தில் இந்த வேலைகள் தெரியாத குறை பெரும்பாலும் மறைந்தே இருக்கும், ஏனெனில் எதிரணிக்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் தயாராகக் கிடைப்பது ஓரிரு நாள் மட்டுமே. பிளேஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை மோத வேண்டியிருப்பதால், அணியின் மிக மெலிந்த கண்ணியை எதிரணி கண்டுபிடித்து, அதையே திரும்பத் திரும்ப அடிக்கிறது. தற்காப்பில் யார் தளர்ந்தவரோ அவர் காவல் காக்கும் ஆளைத் திரை போட வரவழைத்தால், காவல்காரர்கள் ஆள் மாற்றிக்கொள்ள நேர்ந்து, அந்தத் தளர்ந்தவர் எதிரணியின் மிகச் சிறந்த தாக்குதல் வீரரோடு தனியாக மாட்டிக்கொள்கிறார். மறுபக்கத்தில், தொலைவிலிருந்து எறியத் தெரியாதவரை எதிரணி கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, அவருடைய காவல்காரரைக் கூடைக்கடியில் நிறுத்திக்கொள்கிறது. இந்த இரண்டு சோதனைகளிலும் தேறாதவர்களைப் பயிற்சியாளர் ஒவ்வொருவராக அமரவைக்க, சுழற்சியில் எட்டுப் பேர் எஞ்சினாலே அதிகம் என்கிற நிலை வந்துவிடுகிறது. ஆகவே அணியைக் கட்டுபவர் உண்மையில் தேடுவது, எதிரணி குறிவைக்க முடியாத எட்டுப் பேரை.

இதற்கு ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி 2024இல் செய்த ஒரு பரிமாற்றத்தைவிடத் தெளிவான சான்று அண்மைக் காலத்தில் எனக்குத் தெரியவில்லை. ஜாஷ் கிடி உயரமான, இளம் வயதுள்ள, பந்தைக் கடத்துவதில் அபாரமான ஆட்டக்காரர். ஆனால் அந்த அணியில் பந்து ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரிடமும் ஜேலன் வில்லியம்ஸிடமும் இருக்க வேண்டியிருந்ததால், கிடி பெரும்பாலும் மூலையில் நிற்க நேர்ந்தது. 2024 பிளேஆஃபில் டல்லஸ் அணி அவரைத் துணிந்து தனியே விட்டது, தொடக்க ஐவரில் அவர் இடமும் பறிபோனது. பருவம் முடிந்ததும் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பி, அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எவருமே தேர்ந்தெடுக்காதவர், முப்பது வயதானவர், அடுத்த பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏழு புள்ளிகள் அளவில் எடுத்தவர். எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது நட்டமாகவே தெரிந்திருக்கும். 2025 பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், தன்னைவிட அரையடி உயரமான நிகோலா யோகிச்சை மறிக்கும் வேலை இந்தக் கருசோவுக்குத் தரப்பட்டது. தண்டர் அந்த ஆட்டத்தை 125-93 என்று வென்று, கடைசியில் கோப்பையையும் வென்றது.

பணத்தின் பக்கம் வருவோம், ஏனெனில் பொருத்தம் பற்றிய இந்தப் பேச்சுக்கெல்லாம் அடியில் இருப்பது சம்பள உச்சவரம்புதான், அதாவது ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று லீக் வகுத்த மொத்தத் தொகை. 2024-25 பருவத்தில் அந்த வரம்பு சுமார் 14.06 கோடி டாலர். ஒரு வீரர் லீக்கில் ஆடிய ஆண்டுகளைப் பொறுத்து அவருடைய அதிகபட்சச் சம்பளம் இந்த வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதமாக இருக்கும். இரண்டு மூத்த நட்சத்திரங்களுக்கு 35 வீதமும் மூன்றாமவருக்கு 30 வீதமும் கொடுத்தால் வரம்பு அத்தோடு தீர்ந்தது, பதினைந்து இடங்களில் பன்னிரண்டு இன்னும் காலியாக இருக்கும். தன் சொந்த வீரர்களைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம் என்ற சலுகை உண்டு (லாரி பேர்டின் பெயரால் வழங்குகிற விதி அது), ஆனால் லீக்கும் வீரர் சங்கமும் 2023இல் செய்துகொண்ட ஒப்பந்தம் ‘இரண்டாம் ஏப்ரன்’ என்ற இன்னொரு எல்லைக்கோட்டை மேலே இழுத்துவிட்டது. 2024-25இல் அது சுமார் 18.9 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் வாங்க முடியாது. மற்ற அணிகளுக்குக் கிடைக்கும் நடுத்தரச் சம்பளச் சலுகை (வரம்பைத் தாண்டியும் நடுத்தரச் சம்பளத்தில் ஒருவரைச் சேர்க்க விடும் விதி) அதற்குக் கிடையாது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் வரும் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வும் முடக்கப்படும். வெறும் வரி மட்டும் விதித்திருந்தால் செல்வந்த உரிமையாளர்கள் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்; தவற்றைத் திருத்திக்கொள்ளும் வழிகளையே அடைப்பதுதான் இந்த விதியின் கூர்மை.

இந்த அமைப்பில் ஒரு வினோதம் இருக்கிறது. அதிகபட்சச் சம்பளம் என்ற கூரை இருப்பதால், யோகிச்சைப் போன்ற உச்சத்து ஆட்டக்காரர் தான் பெறுவதைவிட மிக அதிகமாகத் தருகிறார். அவருக்கு 35 வீதம் கொடுப்பதுகூட மலிவுதான். அதே 35 வீதத்தை லீக்கின் இருபதாவதோ முப்பதாவதோ சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுப்பதுதான் அணிகளை மூழ்கடிக்கிறது. பீலுக்கு 2022இல் வாஷிங்டன் கொடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தம் சுமார் 25.1 கோடி டாலர் மதிப்புள்ளது, அவர் சம்மதமின்றி அவரை வேறெங்கும் அனுப்பக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. ஃபீனிக்ஸ் அந்த ஒப்பந்தத்தோடுதான் அவரை வாங்கியது. 2025இல் ஒப்பந்தத்தை இடையிலேயே முடித்து அவரை அனுப்ப வேண்டியதாயிற்று. இதற்கு நேரெதிர் சான்று ஸ்டீபன் கறி. கணுக்கால் காயங்களால் அவர் எதிர்காலம் ஐயத்துக்குரியதாக இருந்த 2012இல், நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலர் என்று அவர் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தம் நடப்பிலிருக்கையில்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015 கோப்பையை வென்றது. மிச்சமான பணம் பக்கத்தில் நிற்பவர்களைத் தேடப் பயன்பட்டது.

மலிவாகத் திறமை கிடைக்கும் இடம் டிராஃப்ட், அதில் முன்வரிசைத் தேர்வுகள் மோசமாக ஆடிய அணிகளுக்கே கிடைக்கும் என்பதால், வேண்டுமென்றே தோற்று முதல் தேர்வுகளைப் பெறலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. பொது மேலாளர் சாம் ஹிங்கியின் தலைமையில் ஃபிலடெல்ஃபியா இதை ஒளிவுமறைவின்றிச் செய்தது. 2015-16 பருவத்தில் 10 வெற்றி, 72 தோல்வி. ஜோயல் எம்பீட் என்ற மாபெரும் ஆட்டக்காரர் அவர்களுக்குக் கிடைக்கவும் செய்தார். ஆனால் கூடைக்கடியில் இடம் தேவைப்பட்ட அவரோடு, தொலைவிலிருந்து எறியவே விரும்பாத பென் சிம்மன்ஸைச் சேர்த்ததும், 2017இல் பாஸ்டனுடன் இடம் மாற்றிக்கொண்டு முதல் தேர்வாக மார்க்கல் ஃபுல்ட்ஸை எடுத்ததும் பொருத்தம் பார்க்காமல் திறமையை மட்டும் பார்த்த முடிவுகள் என்றே நான் கருதுகிறேன். மூன்றாவது தேர்வுக்கு இறங்கிய பாஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டமை. 2019 முதல் மிக மோசமான மூன்று அணிகளுக்கும் குலுக்கலில் முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு சமமாக 14 வீதம் என்று குறைக்கப்பட்டுவிட்டதால், கடைசி இடத்துக்காகப் போட்டி போடுவதில் பழைய ஆதாயமும் இல்லை. யோகிச் 41ஆவது தேர்வு, டிரேமண்ட் கிரீன் 35ஆவது, மனு ஜினோபிலி 57ஆவது என்பதைப் பார்க்கும்போது, முன்வரிசை இடத்தைவிடப் பார்க்கும் கண்ணும் வளர்க்கும் கையுமே பெரிது.

வளர்க்கும் கை என்றதும் சிப் எங்கலண்ட் என்ற எறிதல் பயிற்சியாளரைச் சொல்ல வேண்டும். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் டோனி பார்க்கரின் எறிதலைச் சீரமைத்தவர் அவர். கல்லூரியில் தொலைவெறிதலில் பின்தங்கியிருந்த கவாய் லெனார்ட், அவரிடம் வந்தபின் நம்பகமான எறிவாளரானார். ஒரு நட்சத்திரத்தின் சம்பளத்தில் சிறு துண்டுகூட இத்தகைய பயிற்சியாளருக்கு ஆகாது, பயிற்சியாளர் ஊதியத்துக்கு உச்சவரம்பும் கிடையாது. 2022இல் அவர் ஸ்பர்ஸை விட்டுச் சேர்ந்த அணி ஓக்லஹோமா சிட்டி என்பதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. டிராஃப்டில் எடுக்கப்படாதவர்களைக் கொண்டு 2023 இறுதிப் போட்டிவரை சென்ற மயாமி ஹீட் அணியின் கதையும் இதே வழியில் வந்ததுதான்.

பரிமாற்றங்களில் பெரும்பாலும் பிழைபடுவது காலக் கணக்கு. 2013இல் புரூக்ளின் நெட்ஸ் மூத்துவிட்ட கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்குவதற்காக 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் 2017இல் தேர்வு இடங்களை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. கிடைத்தது ஒரே ஒரு பிளேஆஃப் சுற்று வெற்றி. கொடுத்த தேர்வுகளின் வழியாகவே ஜேலன் பிரவுனும், மேலே சொன்ன மாற்றத்தின் மூலம் டேட்டமும் பாஸ்டன் செல்டிக்ஸுக்கு வந்தார்கள். கோப்பை வென்ற அணியைக் கட்டியபோது பாஸ்டன் புள்ளிகளை மட்டும் பார்க்கவில்லை. டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் என்று, எறியவும் மறிக்கவும் தெரிந்தவர்களையே சுற்றிலும் நிறுத்தியது. 2024இல் வழக்கமான பருவத்தில் 64 வெற்றிகள், பிளேஆஃபில் 16-3, கோப்பை.

அப்படிக் கட்டிய அணியும் நெடுநாள் நிற்கவில்லை. 2025 பிளேஆஃபில் டேட்டமின் குதிநாண் கிழிந்தது. இரண்டாம் ஏப்ரனின் சுமையும் சேர்ந்துகொள்ள, அந்தக் கோடையிலேயே ஹாலிடே போர்ட்லாந்துக்கும் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். தண்டருக்கும் இந்தக் கணக்கு வந்தே தீரும்: கோப்பை வென்ற ஆண்டில் செட் ஹோம்கிரனும் ஜேலன் வில்லியம்ஸும் புதுமுகச் சம்பளத்தில் ஆடினார்கள், 2025 ஜூலையில் இருவரும் பெரிய ஒப்பந்த நீட்டிப்புகளில் கையெழுத்திட்டுவிட்டார்கள். விலை ஏறும் கருசோக்களுக்குப் பதிலாக மலிவான அடுத்த கருசோவை எடுக்கும் பொருட்டுத்தான், 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்துத் தொடங்கிய டிராஃப்ட் தேர்வுகளின் சேமிப்பை அந்த அணியின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி இன்னும் முழுவதுமாகச் செலவழிக்காமல் வைத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.