வௌவால்களின் பொழுதும் ஒரு கணித மாதிரியும்

கணிதத்தில் முதுகலை முடித்துவிட்டு, உயிரினங்களின் கூட்டு நடத்தையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருகிறவரை முதலில் ஈர்ப்பது, மிகச் சிறிய விதிகள் பெருங்கூட்டங்களை நடத்திக் காட்டுவதுதான். 1995-இல் இயற்பியலாளர் விச்செக்கும் அவருடைய சகாக்களும் முன்வைத்த மாதிரியில், ஓர் உயிரைக் குறிக்கும் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ளவற்றின் சராசரித் திசையைப் பிடித்துக்கொள்கிறது. அதில் சிறிது பிசகும் சேர்கிறது. பிசகைக் குறைத்துக்கொண்டே வந்தால், சிதறித் திரிந்தவை ஒரு கட்டத்தில் ஒரே திசைக்குத் திரும்பிவிடுகின்றன. அந்த ஈர்ப்பு நியாயமானது. ஆனால் கணினித் திரையில் தெரியும் கூட்டம் நிஜக் கூட்டத்தைப் போல் இருப்பதும், நிஜக் கூட்டம் அப்படி நடப்பதற்கு அதே விதிதான் காரணம் என்பதும் ஒன்றல்ல. என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலேயே கழிந்திருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது வௌவால்களின் அன்றாடக் காலஒழுங்கு. மதுரையில் இருந்துகொண்டு வேறொன்றைத் தேர்ந்தெடுப்பது எனக்குக் கடினமாக இருந்திருக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் உயிரியல் கடிகாரங்களை ஆராய்ந்தவர்கள். மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வை இப்போது படித்தாலும் அதன் எளிமை வியக்க வைக்கிறது. வெளிச்சமே எட்டாத குகைக்குள் இலைமூக்கு வௌவால்களைக் கூண்டில் வைத்துக் கவனித்தார்கள். தன் இனத்து வௌவால்கள் சுதந்திரமாக வந்துபோகும் குகையில், கூண்டிலிருந்தவையும் 24 மணி நேர ஒழுங்கிலேயே இயங்கின. வேறு வௌவால்கள் இல்லாத குகையில் அவற்றின் உள்கடிகாரம் தன் போக்கில் ஓடி, வெளியுலகின் நாளிலிருந்து விலகிப்போனது. பகலையும் இரவையும் காணாத வௌவாலுக்குச் சக வௌவால்களே பொழுதை அறிவித்தன.

இதைச் சமன்பாடாக எழுத, ஜப்பானிய இயற்பியலாளர் குராமோட்டோ 1975-இல் தந்த மாதிரி உதவுகிறது. ஒவ்வொரு உயிருக்கும் ஒரு கடிகாரமும் அதற்கென ஒரு வேகமும் உண்டு. மற்றவற்றின் கட்டத்திலிருந்து, அதாவது அவற்றின் கடிகாரமுள் சுற்றில் நிற்கும் இடத்திலிருந்து, தான் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்தக் கோண வேறுபாட்டின் சைன் மதிப்புக்கு ஏற்ப அது தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எந்த அளவுக்குப் பிறவற்றுக்குச் செவிகொடுக்கிறது என்பதை ‘கே’ என்ற பிணைப்பு எண் சொல்கிறது. கூட்டத்தின் ஒத்திசைவை 0 முதல் 1 வரையான ஓர் அளவால் குறிக்கிறோம். பிணைப்பு ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்வரை அந்த அளவு சுழியத்தை ஒட்டியே கிடக்கும். வரம்பைத் தாண்டியதும் உயரத் தொடங்கும்.

மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிப் பக்கம் மாலையில் ஆடு ஓட்டிவரும் ஒரு பெரியம்மாவிடம் வௌவால்கள் எப்போது கிளம்பும் என்று விசாரித்தேன். “மழை மூட்டமா இருந்தா முன்னாடியே கிளம்பிரும் தம்பி. ஒண்ணு போச்சுன்னா மத்ததும் பின்னாலேயே போயிரும்” என்றார். அவருடைய இரண்டு வாக்கியங்களிலும் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, எல்லாமே ஒரே வெளிச்சத்தைப் பார்த்துத் தனித்தனியாக முடிவெடுப்பது. இரண்டாவது, ஒன்றைப் பார்த்து மற்றொன்று முடிவெடுப்பது. மாதிரியில் பிணைப்பை முற்றிலும் நீக்கிவிட்டு, எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுவான ஒளிச் சைகையை மட்டும் கொடுத்தாலும், ஒத்திசைவு அளவு ஒன்றை நெருங்கிவிடுகிறது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. எத்தனை மாலைகள் எண்ணிக் குவித்தாலும் இந்தக் குழப்பம் தீராது. ஒரு காரணத்தை அகற்றிப் பார்க்க வேண்டும். 1981-இன் ஆய்வு செய்தது அதைத்தான். கணிதம் படித்தவர்கள் சோதனை ஆய்வுகளை வெறும் தரவுச் சுரங்கமாகப் பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நல்ல சோதனைக்குள் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறது.

இந்த வகையில் என் நெறியாளர் கேட்ட கேள்வி முக்கியமானது: “அந்த ‘கே’ வௌவாலின் உடம்பில் எங்கே இருக்கிறது?” செவிவழி என்று வைத்துக்கொண்டால், எதிரொலியைக் கேட்டு வழியறிய இலைமூக்கு வௌவால் எழுப்பும் குரல் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது. மனிதச் செவியின் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ்தான். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் ஒலியைக் காற்று விரைவில் உறிஞ்சிக்கொள்வதால், சில மீட்டர்களிலேயே அது வெகுவாகத் தேய்ந்துபோகும். அப்படியானால், எல்லாமே எல்லாவற்றோடும் பிணைந்திருப்பதாகக் கொள்ளும் குராமோட்டோவின் எளிய வடிவம் நீண்ட குகைக்குப் பொருந்தாது. அடுத்தடுத்துத் தொங்குபவை மட்டுமே பிணைந்த வடிவம் தேவைப்படுகிறது.

இந்த மாற்றத்தால் மாதிரியின் முன்கணிப்பும் மாறுகிறது. அந்தி நேரத்தில் சில வௌவால்கள் குகையின் வாய்ப்பகுதிவரை வந்து, ஒரு வட்டமடித்துவிட்டு, மீண்டும் உள்ளே திரும்புவதைக் காணலாம். வெளிச்சம் குறைந்துவிட்டதா என்று பார்க்கின்றன என்றே கருதப்படுகிறது. அண்டைப் பிணைப்பு உண்மையானால், அவை கொண்டுவரும் சேதி வாயிலிருந்து உள்ளே படிப்படியாகப் பரவ வேண்டும். ஆழத்தில் இருப்பவை தாமதமாக அசைய வேண்டும். ஒவ்வொன்றும் தன் கடிகாரத்தை மட்டுமே நம்பினால் அந்தத் தாமதம் ஆழத்தோடு சீராக அதிகரிக்காது. நாள்கணக்கில் ஓடும் கடிகாரமும் நிமிடக்கணக்கில் நடக்கும் புறப்பாடும் வேறு வேறு என்பதால், இரண்டையும் ஆய்வேட்டில் தனித்தனி இயல்களாக வைத்திருக்கிறேன். தாமதத்தை அளப்பதற்கு மீயொலியைப் பதிவுசெய்யும் ஒலிவாங்கிகளைக் குகையின் நீளவாக்கில் வரிசையாக வைக்க வேண்டும். குட்டிகள் தாயைப் பற்றியிருக்கும் பருவத்தில் உள்ளே போகக் கூடாது என்பதால், அது கழிந்த பிறகே அந்த வேலையைத் தொடங்குவோம்.