அச்சடித்த டயட் தாளோடு எழுந்து வந்துவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனில் எடை குறைக்கலாம் என்று கிளம்பும் நம்மவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டயட்டீஷியன் ஒரு அச்சடித்த தாளை நீட்டி "இதன்படி சாப்பிடுங்கள்" என்றால், அதை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்து வராதீர்கள். "நான் நேற்று என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு, அதை வைத்து எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியை என்னிடம் யாராவது கேட்பதற்குள் மாதக்கணக்கில் அலைந்துவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்போது என் எடை 84 கிலோ, உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 33-ஐத் தாண்டியிருந்தது. தெற்காசிய உடம்புக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது என்பதெல்லாம் தெரிந்த கதைதான். எங்கள் வீட்டில் அத்தைக்கு ஷுகர், இன்சுலின் போடுகிறார். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ரத்தப் பரிசோதனையிலேயே தொடங்கியது அலைச்சல். கிளினிக்குக்குப் போன் செய்து, வெறும் வயிற்றோடு வரவேண்டுமா என்று கேட்டேன். முன்மேசையில் இருந்த பெண் "தேவையில்லை, சாப்பிட்டே வாருங்கள்" என்றார். வேலைக்கு லீவு போட்டு, இருட்டோடு போய் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா?" ரொட்டியும் டீயும் என்றேன். "இது ஃபாஸ்டிங் டெஸ்ட். இன்னொரு நாள் வாருங்கள்" என்று ஃபைலை மூடிவிட்டார். அன்றைய சம்பளம் போனதுதான் மிச்சம். இந்த மாதிரி விஷயத்தை முன்மேசையில் கேட்காதீர்கள், சிஸ்டரிடமே கேளுங்கள். குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. ரத்தம் எடுத்த பிறகு சாப்பிடப் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். லேபுக்குப் போகும் வண்டி புறப்படுவதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்பதால், தாமதமாகப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முடிவு 6.4 என்று வந்தது. மதுரையில் இருக்கும் அக்காவிடம் சொன்னால், "அது மூணு மாச ஷுகரா?" என்று குழம்பிவிட்டாள். இங்கே வெறும் வயிற்றுச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் தருகிறார்கள். 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். 6.4 என்றால் ஏறக்குறைய 115. அதாவது இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் அதன் வாசலில் நிற்கிறேன்.

டயட்டீஷியனுக்குக் கடிதம் கொடுத்தார்கள். அங்கே போனால் கடிதத்தில் முத்திரை இல்லையாம். கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது, ஃபைல் எண் இருக்கிறது, எதுவும் எடுபடவில்லை. திரும்பிப் போய் முத்திரை வாங்கி வருவதற்குள் அன்றைய நேரம் முடிந்துவிட்டது. டயட்டீஷியன் தினமும் வருவதும் இல்லை. கடிதம் கையில் வந்ததுமே, அந்த மேசையை விட்டு நகராமல், முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியில் பார்த்தேன். நாற்காலி சூடேறும் முன்பே தாள் கைக்கு வந்துவிட்டது. காலையில் ஓட்ஸ், ஒரு கிளாஸ் பழச்சாறு. மதியம் டூனா சாலட், கோதுமை கிராக்கர். இரவு தோல் நீக்கிய கோழி, புரோக்கோலி. "நாங்கள் சோறும் ரொட்டியும் கறியும் சாப்பிடுகிறவர்கள்" என்றேன். "அதெல்லாம் நிறுத்திவிடுங்கள்" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் எனக்கு மட்டும் தனியாக டூனாவும் புரோக்கோலியும் யார் வாங்குவது, எதை வைத்து வாங்குவது? அடுத்து புரட்டாசி வந்தது. டர்பனில் நம் வீடுகளில் அந்த மாதம் மீன், இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. தாளில் கோழியையும் டூனாவையும் அடித்துவிட்டால் மிஞ்சியது ஓட்ஸும் கிராக்கரும்தான். அந்த இடத்தை உருளைக்கிழங்குக் கறியும் எண்ணெயில் பொரித்த பூரி பத்தாவும் (பூரியோடு, மாவு தடவிச் சுருட்டிய சேம்பிலை) நிரப்பின. விரத மாதம் முடிந்தபோது எடை கூடியிருந்தது.

வேலையிடத்துத் தோழி, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பாண்டிங் முறைக்கு மாறச் சொன்னாள். இங்கே அதற்கு நல்ல மவுசு. பருப்பையும் பீன்ஸையும் தள்ளிவைக்கச் சொல்லும் முறை புரட்டாசி வைக்கிற வீட்டுக்குச் சரிவராது என்று விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது அத்தையால். அவரோடு வேறொரு இடத்து ஷுகர் கிளினிக்குக்குத் துணைக்குப் போனபோது, அங்கே இருந்த டயட்டீஷியனிடம் என் கதையையும் சொன்னேன். சின்ன வயது, இந்த மண்ணின் ஜூலு இனப் பெண். தாளை வாங்கித் திருப்பிப் போட்டுவிட்டு, "நேற்று காலையிலிருந்து தூங்கும் வரை என்ன சாப்பிட்டீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள்" என்றார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஷுகர் பீன்ஸ் என்ற புள்ளி போட்ட பயறு, சேப்பங்கிழங்கு, கீரை, டின் மீன், அமாசி என்ற புளித்த பால் எல்லாம் அவர் வீட்டிலும் புழங்குவதுதான். தாளின் பின்பக்கத்தில் ஒரு தட்டு வரைந்தார். பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ பீன்ஸோ மீனோ, மீதிக் கால் பங்கு சோறு அல்லது ரொட்டி. அப்புறம் அந்தக் கடைசிக் கால் பங்கில் "உருளைக்கிழங்கும் இதற்குள்தான்" என்று எழுதி அடிக்கோடு போட்டார். கோழிக் கறியிலும் ஆட்டுக்கறியிலும் பிரியாணியிலும் உருளைக்கிழங்கு போடும் ஊர் இது. கறியில் கிழங்கு இருந்தால் சோறு பாதி. இந்த ஒரு கணக்கு அந்த அச்சுத் தாள் முழுவதையும்விட எனக்கு உதவியது.

இன்னொன்றும் சொன்னார், எண்ணெயை அளந்து பார்க்கச் சொல்லி. எங்கள் வீட்டில் வெங்காயம் மிதக்கும் வரை பாட்டிலைச் சாய்ப்பது வழக்கம். அன்று மாலை அதே அளவை முதலில் அளவுக் கோப்பையில் ஊற்றினேன். அரைக் கோப்பைக் கோடு வரை வந்து நின்றது, 125 மில்லி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு ஏறக்குறைய 120 கலோரி. கோப்பையில் இருந்ததோ எட்டுக் கரண்டிக்கு மேல். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் கோப்பையையே பார்த்துவிட்டு, "சரி, பாதி திரும்ப ஊத்து" என்றார். இப்போது மூன்று கரண்டிதான். வெங்காயம் அடிப்பிடித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி போட்டுவிடுகிறோம். ருசி குறையவில்லை, மசாலா வாசனை இன்னும் நன்றாகத் தெரிகிறது.

கடைப் பொருட்களில் கிலோஜூல் என்றுதான் போட்டிருக்கும். 4.2-ஆல் வகுத்தால் கலோரி. பழச்சாறை நம்பாதீர்கள். 2018-இல் வந்த சர்க்கரைப் பான வரி நூறு சதவீதப் பழச்சாறுக்குக் கிடையாது என்பதால் அது தண்ணீர் மாதிரி நல்லது என்று ஆகிவிடாது. 250 மில்லி கிளாஸில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும், ஆறு டீஸ்பூன். அதைத்தான் முதல் தாள் தினமும் குடிக்கச் சொன்னது. காய்கறிக்கு டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் 'பங்களாதேஷ்' என்று பெயர் வைத்த சந்தைக்கு வெள்ளி, சனியில் போங்கள். கீரைக் கட்டு, கத்தரிக்காய், பச்சை பீன்ஸ் எல்லாம் ஃபிரெஷ்ஷாகக் கிடைக்கும்.

நடைக்கு நார்த் பீச் கடற்கரையில் பார்க்ரன் என்ற கூட்டு நடை-ஓட்டம். சனிக்கிழமை காலை, 5 கி.மீ., காசு கிடையாது, ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. எல்லோருக்கும் பின்னால் நடந்து வர ஒரு தன்னார்வலர் உண்டு, ஆகவே கடைசி ஆளாகிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். முன்கூட்டியே பதிவு செய்து பார்கோடைக் கொண்டு போங்கள். அது இல்லாவிட்டால் நடக்கலாம், நேரம் பதிவாகாது.

முதல் குறி எடையில் 5 சதவீதம் குறைப்பது என்று அந்த டயட்டீஷியன் பெண் சொல்லியிருந்தார். எனக்கு அது நாலு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இப்போது 79.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8. ரிப்போர்ட்டை அத்தையிடம்தான் முதலில் காட்டினேன்.

அதைப் பார்த்து அவரும் சோற்றைக் குறைக்கக் கிளம்பினார், நான் விடவில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை ஷுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவையும் சேர்த்து மாற்ற வேண்டும். அத்தைக்குக் கிளினிக்கில் முதலில் இன்சுலினைக் குறைத்துக் கொடுத்தார்கள், அதன் பிறகுதான் தட்டில் சோறு குறைந்தது.