ஏன் நாலு? ஏன் இரண்டு இல்லை?

மருத்துவர் சொல்லி ஜிம்முக்கு வருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. யாரோ அனுப்பி வந்தவர், சில மாதங்களில் தானாக வர ஆரம்பிக்க வேண்டும். அந்த மாற்றத்தில் டம்பெல்லுக்கு இருக்கும் பங்கைவிட நாம் பேசும் விதத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் அனுபவம். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாவுடன் அது எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி மூன்றும் உண்டு. "டாக்டர் போகச் சொன்னார், வந்துட்டேன்" என்றார் முதல் நாள்.

உடல்நலக் கேள்வித்தாள், மருந்துப் பட்டியல், மருத்துவரின் அனுமதி எல்லாம் பார்த்து முடித்ததும் நேராகக் கருவிகள் பக்கம் போகவில்லை, உட்கார்ந்து பேசினோம். மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று ஓர் உரையாடல் முறை இருக்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து மீள உதவும் சிகிச்சையில் கண்டதை வைத்து உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதியது. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து அதை வளர்த்தார். மாற வேண்டிய காரணங்களை நாம் அடுக்கினால், கேட்பவர் மாறாமல் இருக்கக் காரணம் தேடுவார். அதனால் காரணம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும் என்கிறது அந்த முறை.

அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரு கேள்வி: "வாரம் ரெண்டு நாள் பயிற்சி செய்யறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்களேன்." "ஒரு நாலு இருக்கும், தம்பி" என்றார். ஏன் எட்டு இல்லை என்று கேட்டிருந்தால் நேரமில்லை, வலி, வயசாகிவிட்டது என்று வரிசையாக வந்திருக்கும். "ஏன் நாலு? ஏன் ரெண்டுன்னு சொல்லல?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை; நானும் வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் பொறுத்திருப்பதுதான் இந்த முறையிலேயே கஷ்டமான வேலை. அப்புறம் சொன்னார்: "கீழ உட்கார்ந்தா எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கு. அது எனக்குப் பிடிக்கல."

"யார் கையையும் பிடிக்காம எழுந்திருக்கணும்னு நினைக்கிறீங்க" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "ஆமா, அதான்!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நோட்டில் இலக்கு என்ற இடத்தில் எடையையோ சர்க்கரை அளவையோ எழுதவில்லை. அவர் சொன்ன வாக்கியத்தையே எழுதிவைத்தேன்.

பயிற்சியை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கினோம். ஒரு செட்டுக்கு ஒரே குறிப்புதான் கொடுப்பேன். "தொடையை இறுக்குங்க, முழங்காலைப் பாருங்க" என்றால் ஆள் அப்படியே விறைத்துப்போவார். "தரையைக் காலால அழுத்தித் தள்ளுங்க" என்றதும் அவர் சரளமாக எழுந்தார். கவனம் தன் உடல் உறுப்பின் மேல் இருப்பதைவிட வெளியில் இருக்கும் ஒரு பொருளின் மேல் இருந்தால் அசைவு நன்றாக வருகிறது என்று கேப்ரியேல் வுல்ஃப் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். தினமும் கண்ணெதிரே நடப்பதால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பாராட்டும் அப்படித்தான். "சூப்பர்" என்று சொன்னால் காதில் விழும், மனதில் நிற்காது. "கடைசி மூணு தடவையும் கையை ஊணாம எழுந்தீங்க" என்று சொன்னால், தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியும். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு, தானே செய்து முடித்த அனுபவத்தைவிடப் பெரிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-இலேயே எழுதிவிட்டார். உழைப்பின் அளவையும் பத்துக்கு எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொன்னேன். ரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்தது பீட்டா பிளாக்கர். அது இதயத்துடிப்பைக் குறைத்துவிடும் என்பதால், வாட்ச் காட்டும் எண்ணைவிட அவர் சொல்லும் எண்தான் எனக்கு உதவியது.

நடுவில் வீட்டில் ஒரு நெருக்கடி, சில வாரம் வரவில்லை. "ஏன் வரல?" என்ற செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. "உங்க நேரம் அப்படியே இருக்கு. எந்த நாள் வசதின்னு சொல்லுங்க" என்று மட்டும் அனுப்பினேன். திரும்பி வந்தவர், "பழக்கமே விட்டுப்போச்சு தம்பி, 21 நாளும் பாழ்" என்றார். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் படிந்துவிடும் என்ற இந்தக் கதையைப் பரப்பும் டிரெய்னர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. 22-ஆம் நாளும் அலுப்பாக இருந்தால், குறை தன்னிடம்தான் என்று மனிதர் நினைத்துக்கொள்கிறார். பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடுமதிப்பு 66. இடையில் ஒரு தடவை தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. இதை அவரிடம் சொன்னேன். சில வாரம் என்பது ஒரு தடவை இல்லைதான், ஆனாலும் எல்லாம் பாழாகவில்லை என்று புரிந்ததும் முகம் தெளிந்தது.

அப்புறம், "ஒரு யோசனை சொல்லலாமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே சொன்னேன். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைக்கும் முறை அது. பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்து எழுதியது. வாக்கியத்தை அவரே அமைத்தார்: "வர முடியாத நாள்ல, டிவி போடறதுக்கு முன்னாடி நாற்காலியில பத்து தடவை உட்கார்ந்து எழுந்திருப்பேன்."

தரையிலிருந்து யாரும் கை கொடுக்காமல் எழ மாதங்கள் ஆயின, எழுந்தார். இப்போது வாரத்தில் ஒரு நாளுக்கான பயிற்சிப் பட்டியலை அவரே எழுதிக்கொண்டு வருகிறார். போன வாரம் அதில் இன்னொரு பயிற்சி சேர்க்கலாமா என்று கேட்டேன். "இன்னிக்கு வேண்டாம் தம்பி, இதுவே போதும்" என்றார். அவர் எழுதியபடியே செய்தோம்.