பச்சை பியூஸ்

"வரேக்க எரிஞ்சது தம்பி. நீர் கை வைச்ச பிறகுதான் எரியேல்லை." அந்த அண்ணை சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஹயர் வான். லைட் மங்கல் என்று, வாகன வயரிங் வேலை செய்யும் என்னிடம் கொண்டுவந்தார். ஹெட் லைட் இரண்டு, யாரோ அதே வயரில் கொளுவிவிட்ட ஸ்பாட் லைட் இரண்டு. நாலுக்கும் எர்த், அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் வழி, ஒரே ஸ்க்ரூவில், அதுவும் பெயின்டுக்கு மேலே, துருவேறி. கழற்றி, தகடு மினுங்கும்வரை எமரித் தாளால் தேய்த்து இறுக்கினேன். வெளிச்சம் பளிச்சென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் பியூஸ் போனது.

ஹைபீமில் 60 வோட்ஸ் இரண்டு, ஸ்பாட் 55 இரண்டு, எல்லாமாக 230. 12 வோல்ட்டுக்கே 19 அம்பியர். எஞ்சின் ஓடி 14 வோல்ட் வந்தால் இன்னும் கூட. இருந்ததோ நீல நிற 15 அம்பியர் பியூஸ். இவ்வளவு நாளும் துருதான் கரண்டைக் குறைத்துப் பியூஸைக் காப்பாற்றியிருக்கிறது.

"பச்சை 30 ஒண்டு போட்டு விடும்" என்றார். மாட்டேன் என்றேன். பியூஸ் பல்புக்குக் காவல் இல்லை, வயருக்கு. அந்த மெல்லிய வயர் எங்காவது உரசி ஷோர்ட் ஆனால், 30 போவதற்கு முன் வயர் உருகும். ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போட்டு, பற்றரியிலிருந்து தனி வயரும் தனி பியூஸும் இழுப்போம், ஒரு மணித்தியாலம் நில்லுங்கோ என்றேன்.

"பொழுதுபட்டிட்டுது. ஒட்டுசுட்டான் தாண்டவேணும், வழியிலை யானை நிக்கும். சண்டைக் காலத்திலை போன பியூஸிலை சிகரெட் பெட்டித் தாள் சுத்தி ஓடினனாங்கள், ஒண்டும் பத்தேல்லை."

பற்றரியே வன்னிக்குள் வரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவரிடம் அம்பியர் கணக்குப் பேச எனக்கே கூச்சம். ஆனாலும் ஸ்பாட் லைட்டைக் கழற்றிவிட்டு, 15ஐயே போட்டு அனுப்பினேன்.

சரியாகத்தான் செய்தேன். ஆனால் என்றோ உருகக்கூடிய வயரை யோசித்த அளவுக்கு, அன்றிரவே எதிரே நிற்கக்கூடிய யானையை யோசித்தேனா? வான் பத்தினால் என் பெயர் கெடும் என்ற பயமும் அந்த 'மாட்டேன்'இல் இருந்திருக்கும்.

இப்போது நாலு லைட்டும் எரிய ஓடுகிறார். வேறெங்கோ பச்சை போட்டுவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் நான் சொன்னது பிழையாகிவிடாது. அதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பிறகு ஹோன் வேலைக்கு வந்தபோது ரிலேயை எடுத்துக் காட்டினேன். "வற்றாப்பளைப் பொங்கல் ஓட்டம் முடியட்டும், பாப்பம்" என்றார். அந்த அம்மன் கோவில் பொங்கல் ஓட்டம் அநேகமாக இரவில்தான்.