ரேங்க் என்று பெயர் வைத்த கதை

சனிக்கிழமை இரவு முழுவதும் விழித்திருந்து அலுவலகத் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு, ஞாயிறு மாலைவரை உறங்கி, திங்கட்கிழமை காலை போரில் வென்றவனைப் போல் உள்ளே நுழைந்தேன். கணக்குப் பிரிவு அம்மையார் வாசலிலேயே நின்றிருந்தார். "நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது, அதை எதற்குத் தொட்டீர்கள்?" என்றார். விற்பனை அறிக்கைகளில் ஒன்றுகூட வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நெடுவரிசைக்கு நான் 'ரேங்க்' என்று பெயர் வைத்திருந்தேன். புதிய பதிப்பு அந்தச் சொல்லைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டுவிட்டதால், அந்தப் பெயர் வரும் வினவல்களை, அதாவது தரவு கேட்டு எழுதிய கட்டளைகளையெல்லாம், இலக்கணப் பிழை என்று தமிழாசிரியர் கண்டிப்போடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

"பழைய பதிப்புக்கு ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, இனி பாதுகாப்பில் ஓட்டை தெரிந்தாலும் அடைத்துத் தர ஆளில்லை" என்று விளக்கினேன். "அப்படியானால் ஓட்டையோடுதான் கொடுத்தார்களா?" என்றார் அம்மையார். பத்தொன்பது ஆண்டுத் தொழில் அனுபவத்தில் இதற்கு என்னிடம் விடை இல்லை.

பதிப்பு எண் என்பதே பாதி வியாபாரம். ஆரக்கிள் என்ற தரவுத்தளம் 1979இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோதே, முதல் பதிப்பை நம்பி யாரும் வாங்கமாட்டார்கள் என்று கருதி, அதற்கு இரண்டாம் பதிப்பு என்று பெயரிட்டார்கள். பிறகு இணையத்துக்கு ஐ, பல கணினிகளை ஒன்றாக இணைக்கும் கிரிட்டுக்கு ஜி, கிளவுடுக்கு சி, இப்போது ஏஐ என்று, காற்றடித்த பக்கமெல்லாம் எண்ணின் வால் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் எதையாவது காட்டத்தானே வேண்டும்?

காசே கேட்காத போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும் ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு, மூன்று மாதத்துக்கொரு சிறு திருத்தம், பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆயுள் என்று பஞ்சாங்கம் போல் நடப்பதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. அதில் நியாயம் உண்டு. எழுதி முடியாத வசதி அடுத்த ஆண்டு வண்டியில் ஏறிக்கொள்ளும், அதற்காக இந்த ஆண்டு வண்டியை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 2024 நவம்பர் 14 அன்று வெளியான திருத்தம் அதனோடு சேர்ந்து ஓடும் சில கூடுதல் நிரல்களின் காலை வாரிவிட, 21ஆம் தேதியே திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. அன்று எத்தனை அம்மையார்கள் எத்தனை வாசல்களில் நின்றார்களோ!

திங்கள் முழுவதும் உட்கார்ந்து 43 வினவல்களில் 'ரேங்க்' வெறும் பெயர்தான் என்று புரியவைக்க அதற்கு மேற்கோள் குறி போட்டேன். மிகப் பழைய கோப்பில், ஓய்வு பெற்றுவிட்ட எங்கள் மூத்தவர் எழுதிய குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது: "ரேங்க் வேண்டாம் தம்பி. ஆரக்கிளில் இது ஏற்கெனவே ஒரு செயற்கூறின் பெயர். இங்கேயும் ஒருநாள் வரும்."

அதற்கு நேர் கீழே நான் எழுதியிருந்தேன்: "சரி அண்ணா, அடுத்த வாரம் மாற்றிவிடுகிறேன்."