சீருடையைக் கழற்றிய பின் ஜார்ஜ் ஃபிவாஸ்

1995இல் நெல்சன் மண்டேலா தேசியக் காவல் ஆணையராக்கியபோது ஜார்ஜ் ஃபிவாஸ் தலையில் விழுந்தவை 11 காவல்படைகள். பழைய தென்னாப்பிரிக்கப் படை ஒன்று, நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய ஹோம்லேண்ட் பகுதிகளுடையவை 10. நம் டர்பன் பக்கத்துக் குவாசூலு காவல்படையும் அதில் சேர்த்தி. அத்தனையையும் ஒரே துறையாக்கியது அதே ஆண்டின் 68ஆம் எண் சட்டம்.

ராணுவப் பாணிப் பதவிப் பெயர்களை நீக்கினார்கள். 2010இல் அவை திரும்பிவிட்டன. நிலைத்தது, ஊர்க்காரர்களும் காவல் நிலையத்தாரும் சேர்ந்து உட்காரும் சமூகக் காவல் மன்றம்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த்தானாலும் ஃபீனிக்ஸானாலும் காவல் நிலையத் தலைவர் அதில் உறுப்பினராக உட்கார்ந்தே ஆகவேண்டும். ஆனால் மன்றம் கேள்வி கேட்கலாம், கட்டளையிட முடியாது. பல ஊர்களில் அது கூடிக் கலையும் கூட்டமாகிப் போவது இதனால்தான்.

1997இல் மதுபான நிறுவனத் தலைவர் மேயர் கானைக் காவல்துறை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே வீட்டில் இரண்டு எஜமானர்! 2000இல் ஆணையர் பதவி ஜாக்கி செலேபிக்குப் போனது. ஃபிவாஸ் தன் பெயரிலேயே தனியார் புலனாய்வு நிறுவனம் தொடங்கினார்.

காவலுக்கு நிறுவனம் தேடும்போது, நடத்துபவர் இப்படி ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி என்றதும் கோயில் கமிட்டிகள் அசந்துவிடுகின்றன. ஓய்வுபெற்றவருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு எந்தக் குடிமகனுக்கும் தரும் கைது உரிமைதான் அவருக்கும். அதுவும் கடுமையான குற்றங்கள் போன்ற சில நிலைகளில் மட்டும். ஒப்பந்தத்துக்கு முன் சைரா எனப்படும் தனியார் பாதுகாப்பு ஆணையத்தில் நிறுவனத்தின் பதிவையும் ஒவ்வொரு காவலாளியின் பதிவையும் தனித்தனியே சரிபாருங்கள். நிறுவனப் பதிவை மட்டும் காட்டி, பதிவில்லாத ஆளை வாசலில் நிறுத்துவது பழைய தந்திரம்.